கரணிக் கணிதத்தின் வரலாறு

பக்கம் 1 கோல் உள்ள சதுர நிலத்தின் மூலைவிட்டம் எத்தனை கோல்? சிறுபிள்ளையும் கேட்கத்தக்க இக்கேள்வி, உலகத்து அறிஞரை நூற்றாண்டுக் கணக்கில் உழல வைத்தது. விடை 2-இன் வர்க்கமூலம். அதனை முழு எண்ணாலேனும் பின்னத்தாலேனும் முற்றக் கூறுதல் இயலாது. இத்தகைய மூலங்களை இந்தியக் கணித நூலார் கரணி என்றனர்.

கி.மு. 1800-க்கும் 1600-க்கும் இடைப்பட்ட பாபிலோனியக் களிமண் பலகையொன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளது. அதில் இம்மூலம் தசமத்தின் ஐந்தாம் இடம் வரை பிழையின்றிப் பொறிக்கப்பட்டிருக்கிறது. வேள்வி மேடைக்குக் கயிறு பிடித்து அளந்த சுல்வ நூலாரும் 577/408 என்னும் அணுக்க விடையைக் கண்டனர்.

கிரேக்க நாட்டிலோ, பிதாகரஸ் கூட்டத்தார் அனைத்தும் எண்களின் விகிதத்துள் அடங்கும் என நம்பினர். அந்நம்பிக்கையை இம்மூலம் தகர்த்தது. இவ்வுண்மையை வெளியிட்டவன் கடலில் மூழ்கி மாண்டான் என்றொரு பழங்கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, நம்பிக்கைக்கு மாறான உண்மையை மறைக்க விழையும் மனப்பான்மையை அது நன்கு காட்டுகிறது.

ஆயினும், முற்றக் கூறவியலாத எண்ணை மறைப்பதற்கு மாறாக, அதனைக் கொண்டே கணக்கிடும் நெறியைக் கண்டோரும் உளர். கி.பி. 628-இல் பிரமகுப்தர் கரணிகளைக் கூட்டும் விதியை வகுத்தார். இரு கரணிகளையும் ஓர் எண்ணால் வகுத்து, ஈவுகளின் மூலங்களைக் கூட்டி, அத்தொகையை வர்க்கித்து, வகுத்த எண்ணால் பெருக்குக என்பதே அவ்விதி.

√2-உடன் √8-ஐக் கூட்டுவோம். 2-உம் 8-உம் சேர்ந்தால் 10 ஆதலின் விடை √10 எனக் கருதுதல் பிழையாம். 2-ஆல் வகுக்க 1-உம் 4-உம் வரும். அவற்றின் மூலங்கள் 1, 2; தொகை 3; வர்க்கம் 9. அதனை 2-ஆல் பெருக்க 18. ஆகவே விடை √18. 18 என்பது 9-இன் இரு மடங்கு. 9-இன் மூலமாகிய 3-ஐ வெளியே எடுத்து 3√2 எனச் சுருக்கி எழுதுகிறோம்.

1150-இல் பாஸ்கரர், 2-உம் 8-உம், 3-உம் 27-உம், 3-உம் 7-உம் என மூன்று இணைகளை மாணாக்கர்க்கு அளித்தார். முதல் இரண்டும் ஒன்றுபடும். கடைசி இணை ஒன்றுபடாது. அதனைப் பிரித்தே வைத்தல் வேண்டும். சேர்வது எது, சேராதது எது என்பதை ஆசானின் வாக்கன்று, விதியே தீர்ப்பளிக்கிறது.

எனினும் இந்நூல்கள் வடமொழிச் செய்யுளில் அமைந்தமையின், உழைக்கும் பெருமக்களுக்கு எட்டாக்கனியாயின. ஐரோப்பாவிலும் கற்றோர் மொழி லத்தீனே. அவ்வழக்கத்தை மீறி 1525-இல் கிறிஸ்டோஃப் ருடோல்ஃப் என்பார் தம் மக்கள் பேசும் ஜெர்மன் மொழியிலேயே பீஜகணித நூல் இயற்றினார். இன்று பள்ளிப் பிள்ளைகள் எழுதும் மூலக்குறி அச்சேறியது அந்நூலிலேதான்! அதன்மீது நீளும் கோட்டை 1637-இல் டேகார்ட் சேர்த்தார்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? அறிவு மறைவிடத்தில் வளர்வதில்லை. தாய்மொழியில், யாவரும் சோதிக்கத்தக்க விதியாய் வெளிப்படும்போதே பரவுகிறது. கணக்கு எவருடைய குலத்தையும் கேட்பதில்லை. தோட்டத்துப் பிள்ளை போட்டாலும் நகரத்துச் செல்வன் போட்டாலும் √2-உம் √8-உம் சேர்ந்தால் 3√2 தான். நம் பிள்ளைகள் விதியை மனப்பாடம் செய்வதோடு நில்லாது, ஏன் என்று கேட்கட்டும். அக்கேள்வியைத் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விடை பெறும் வாய்ப்பை அவர்க்கு அளிப்பது நம் கடனாகும்.