மைனஸ் 20 டிகிரியில் பனிச்சிறுத்தையை போட்டோ எடுக்கணுமா? முதல்ல கிளவுஸை சரியா வாங்குங்க!

ஜனவரி மாதக் காலை. லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவில் ஒரு மலைச்சரிவு. மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு, எதிர்ப் பாறையில் பனிச்சிறுத்தை எழுந்து நிற்கிறது. கேமரா ரெடி, லென்ஸ் ரெடி. ஆனால் ஷட்டர் பட்டன் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. மரத்துப்போச்சு! கிளவுஸைக் கழற்றி, கையைத் தேய்த்து, மறுபடி கேமராவைப் பிடிப்பதற்குள் சிறுத்தை பாறைக்குப் பின்னால் போய்விடுகிறது.

குளிர்காலத்தில் லடாக்குக்கும் ஸ்பிட்டிக்கும் கேமராவோடு கிளம்புபவர்களுக்கு இது நடக்கக்கூடிய விஷயம்தான். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருக்கின்றன. அதில் 477 லடாக்கில். ஜனவரி முதல் மார்ச் வரைதான் அவற்றைப் பார்க்க ஏற்ற காலம். அப்போதுதான் குளிரும் உச்சத்தில் இருக்கும். லட்சங்களில் லென்ஸ் வாங்குபவர்கள் கிளவுஸை மட்டும் கடைசி நேரத்தில் ஏதோ ஒன்று என்று வாங்கிவிடுகிறார்கள். படம் போனால் அடுத்த வருஷம் எடுக்கலாம். விரல் போனால்?

எப்படித் தேர்ந்தெடுப்பது? பார்க்கலாம்.

கை ஏன் முதலில் விறைக்கிறது?

குளிர் கூடும்போது இதயம், நுரையீரல் போன்ற முக்கிய உறுப்புகளைச் சூடாக வைக்க உடல் முயற்சி செய்யும். அதற்காகக் கை, கால் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். அதனால்தான் விரல் நுனி முதலில் விறைக்கிறது. உடம்பே குளிரில் நடுங்கினால் எவ்வளவு நல்ல கிளவுஸ் போட்டாலும் கை சூடாகாது. தலைக்குத் தொப்பி, உடம்புக்கு நல்ல ஜாக்கெட், அதற்குப் பிறகுதான் கிளவுஸ்.

போட்டோ எடுப்பவர்களுக்குக் கூடுதலாக இரண்டு சிக்கல்கள். ஒன்று, நடக்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது. இன்னொன்று, உலோகம். கேமரா பாடியும் அலுமினிய டிரைபாடும் கையின் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும். கார்பன் ஃபைபர் டிரைபாடு என்றால் கொஞ்சம் பரவாயில்லை. அலுமினியம் என்றால், பிடிக்கும் இடத்தில் ஃபோம் சுற்றிக்கொள்ளலாம்.

தெர்மாமீட்டர் மட்டும் பார்த்தா போதாது

கணக்கில் காற்றையும் சேர்க்க வேண்டும். கனடா வானிலைத் துறையின் அட்டவணைப்படி, மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம். அதனால் வெளியே போடும் கிளவுஸ் காற்றை உள்ளே விடாததாக இருக்க வேண்டும். கம்பளி நூலில் பின்னிய சாதாரண கிளவுஸில் காற்று சுலபமாகப் புகுந்துவிடும்.

ஒரே கிளவுஸ் ஏன் வேலைக்கு ஆகாது?

தடிமனாக இருந்தால் கதகதப்பு கிடைக்கும், ஆனால் பட்டன் அமுக்க முடியாது. மெல்லியதாக இருந்தால் பட்டன் அமுக்கலாம், ஆனால் குளிர் தாங்காது. இரண்டையும் ஒரே கிளவுஸில் எதிர்பார்ப்பதுதான் தப்பு. கடும் குளிருக்கு இரண்டு அடுக்காகப் போடுவதுதான் தீர்வு.

* உள் அடுக்கு: மெரினோ கம்பளி, பட்டு அல்லது பாலியஸ்டரில் செய்த மெல்லிய கிளவுஸ். இதோடு ஷட்டர், டயல், மெமரி கார்டு எல்லாம் கையாள முடியணும். பருத்தி வேண்டாம். வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், கை இன்னும் குளிரும்.

* வெளி அடுக்கு: மிட்டன். அதாவது கட்டைவிரலுக்குத் தனியாகவும், மற்ற நான்கு விரல்களுக்குச் சேர்த்து ஒரே பையாகவும் இருப்பது. விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருப்பதால் சூடு தங்கும். விரல் விரலாகப் பிரிந்த கிளவுஸைவிட இது கதகதப்பு.

காத்திருக்கும்போது மிட்டன் மாட்டியிருக்கணும். விலங்கு வந்ததும் அதைக் கழற்றி, உள் கிளவுஸோடு படம் எடுத்து, உடனே திரும்ப மாட்டிக்கொள்ளணும். வெறும் விரல் வெளியே தெரியவே கூடாது.

விரல் நுனி மட்டும் திறக்கும் கிளவுஸும் கிடைக்கிறது. நார்வேயின் வாலரெட் போன்ற நிறுவனங்கள் போட்டோகிராஃபர்களுக்காகவே இவற்றைத் தயாரிக்கின்றன. மிதமான குளிருக்கு வசதியானவை. கடும் குளிரில் இதற்குள்ளும் ஒரு மெல்லிய கிளவுஸ் கட்டாயம்.

எவ்வளவு குளிருக்கு எது?

* 0 டிகிரிக்கு மேல்: ஊட்டி, கொடைக்கானல் பனிக்காலைக்கு மெல்லிய கிளவுஸ் ஒன்று போதும்.
* 0 முதல் மைனஸ் 10 வரை: விரல் நுனி திறக்கும், காற்றுப் புகாத கிளவுஸ்.
* மைனஸ் 10-க்குக் கீழே: உள் கிளவுஸ், அதற்கு மேல் மிட்டன். ஜனவரியில் லே நகரின் இரவுகள் இந்த ரகம்தான்.

இது பொதுவான கணக்கு. சிலருக்கு இயல்பாகவே கை சீக்கிரம் குளிரும். அவர்கள் ஒரு படி கூடுதலாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

கடையில் என்னென்ன கவனிக்கணும்?

* இறுக்கம் கூடாது: டைட்டாக இருந்தால் ரத்த ஓட்டம் குறையும். சூட்டைத் தக்கவைப்பது உள்ளே இருக்கும் காற்றுதான், அதற்கும் இடம் இருக்காது. உள் கிளவுஸைப் போட்டுக்கொண்டே மிட்டனைப் போட்டுப் பாருங்கள்.
* மணிக்கட்டு: ஜாக்கெட் கைக்கும் கிளவுஸுக்கும் நடுவில் இடைவெளி தெரியக்கூடாது.
* உள்ளங்கை: வழுக்காத தோல் அல்லது சிலிக்கான் பிடிப்பு இருக்கணும். கனமான லென்ஸ் நழுவினால் செலவு பெரிது.
* கயிறு: மிட்டனை மணிக்கட்டில் மாட்டிவைக்கும் கயிறு கட்டாயம். மலைக்காற்றில் பறந்துபோனால் திரும்பக் கிடைக்காது.
* ஈரம்: இறகு அடைத்த மிட்டன் நனைந்தால் கதகதப்பை இழந்துவிடும். பனியில் படுத்து எடுப்பவர்களுக்கு செயற்கை இழை நல்லது.
* டச் ஸ்கிரீன்: சாதாரண கிளவுஸோடு தொட்டால் திரை வேலை செய்யாது. விரல் நுனியில் மின்சாரம் கடத்தும் நூல் சேர்த்தது என்றால் செய்யும்.

ஏற்றத்தில் நடக்கும்போது கை வேர்க்கும். அப்போது மிட்டனைக் கழற்றிவிடுங்கள். உள் கிளவுஸ் நனைந்தால் மாற்ற இன்னொரு ஜோடி பையில் இருக்கட்டும். கழற்றிய கிளவுஸைப் பனிமேல் வைக்காமல் ஜாக்கெட்டுக்குள் வையுங்கள்.

ஹேண்ட் வார்மர் போதுமா?

பாக்கெட்டில் வைக்கும் சின்ன சூட்டுப் பைகளில் இரும்புத் தூள் இருக்கும். அது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேரும்போது சூடு வரும். லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று லேசாக இருப்பதால் சூடும் குறையலாம். அதனால் இது துணைக்கு மட்டும்தான், கிளவுஸுக்கு மாற்று கிடையாது. வெறும் தோலில் படும்படி வைக்கக் கூடாது.

எப்போது நிறுத்தணும்?

கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு, கையை அக்குளில் வைத்துச் சூடாக்குங்கள்.

விரல் மரத்து, வெளுத்து, மெழுகு மாதிரி ஆனால் அது ‘ஃப்ராஸ்ட்பைட்’ எனும் பனிக்கடி. வலி நின்றுவிட்டதே என்று நிம்மதி அடையக் கூடாது, அதுதான் ஆபத்தான அறிகுறி.

* தேய்க்காதீர்கள். நெருப்பிலும் காட்டாதீர்கள். உணர்வில்லாத தோல் வெந்தாலும் தெரியாது.
* மோதிரத்தைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு கழற்ற முடியாது. கிளம்பும்போதே வீட்டில் வைத்துவிடுவது இன்னும் நல்லது.
* பாதுகாப்பான அறைக்குப் போன பிறகு, 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வையுங்கள். மறுபடி உறையும் வாய்ப்பு இருந்தால் இதைச் செய்யக் கூடாது.
* உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு ஒத்திகை

உள் கிளவுஸைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, பேட்டரியை மாற்றுங்கள். மெமரி கார்டை எடுத்துப் போடுங்கள். ஐஎஸ்ஓ டயலைத் திருப்புங்கள். மிட்டனைக் கழற்றி, ஒரு படம் எடுத்து, திரும்ப மாட்ட எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். வீட்டு ஹாலில் தடுமாறினால் மலையில் இன்னும் தடுமாறும். அந்த கிளவுஸை மாற்ற இன்னும் நேரம் இருக்கும்போதே அது தெரிந்துவிடுவது நல்லதுதானே!