கிட்டப்பாவுக்கு முன்பே

மண்டபம் ரயில் நிலையத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கே.பி. சுந்தராம்பாள் நினைவுக்கு வருகிறார். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், இலங்கைப் பயணிகளின் போட் மெயில் இவ்வழியேதான் தனுஷ்கோடிக்கு ஓடியது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிப் பெண்களை மண்டபம் முகாமில் நிறுத்தி, நோய் இல்லையென்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். நாடகக்காரப் பெண்களும் அந்நாளில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தார்கள்.

1908-இல் கொடுமுடியில் பிறந்து வறுமையில் வளர்ந்த சுந்தராம்பாள், இருபது வயதுக்குள் இலங்கை மேடைகளில் புகழ்பெற்றார். எஸ்.ஜி. கிட்டப்பா அவரோடு சேர்ந்து நடித்தது அதன் பிறகுதான். நம் வரலாறோ அவர் கதையைக் காதலில் தொடங்கி வெள்ளைச் சேலையில் முடித்துவிடுகிறது.

1933-இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 25. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கதாநாயகி வேடத்தையே நம்பியிருந்த தொழிலில் அது பெரிய இழப்பு. ஆனால் 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்றார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். பிறகு ‘ஔவையார்’ (1953), ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள் (1964). எல்லாம் ஜோடி தேவைப்படாத வேடங்கள்.

இதைக் கற்பு என்று போற்றுகிறார்கள். அவருடைய துக்கம் உண்மையானது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விதவைக் கோலம் பெண்ணை மூலையில் உட்காரவைக்க உண்டானது. அதே கோலத்தில் அவர் நடுமேடையில் நின்று, தன் நிபந்தனையில் பாடினார், சம்பாதித்தார். அதைத் தொழில் வரலாறாகவும் எழுதவேண்டும்.