'வசதி இல்லை' என்று பள்ளி மறுக்கலாமா? மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்வி உரிமை: சட்டம் சொல்வது என்ன?

புது தில்லி: மாற்றுத்திறன் கொண்ட குழந்தையைப் பள்ளியில் சேர்க்கச் செல்லும் பெற்றோருக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அதற்கான வசதி எங்களிடம் இல்லை, வேறு பள்ளியைப் பாருங்கள்" என்பதே. இந்தப் பதிலை இறுதியானதாக ஏற்றுத் திரும்பிவிடும் பெற்றோர் பலர். ஆனால், வசதியின்மையை மட்டும் காரணமாகக் காட்டிச் சேர்க்கையை மறுக்க நாட்டின் சட்டங்கள் இடமளிப்பதில்லை.

இரண்டு முக்கியச் சட்டங்கள்

6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவச, கட்டாயக் கல்வியை அரசமைப்புச் சட்டத்தின் 21ஏ பிரிவு அடிப்படை உரிமையாக்கியுள்ளது. அதைச் செயல்படுத்தும் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளும் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்' என்னும் வரையறைக்குள் வந்தனர். இதனால், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் ஒதுக்கப்படும் 25 விழுக்காடு இடங்களுக்கு அவர்களும் விண்ணப்பிக்கலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தாது.

இரண்டாவது, 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. புதிய சட்டம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைகளை ஏற்கிறது. வயது வரம்பையும் இது விரிவாக்கியது. 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் குறைபாடு எனச் சான்று பெற்ற குழந்தைகள், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறலாம். அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குழந்தையின் தரப்புக்கே உரியது, பள்ளிக்கு அன்று.

பன்முகக் குறைபாடும் கடுமையான குறைபாடும் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கற்கவும் கல்வி உரிமைச் சட்டம் வழிசெய்கிறது. இதுவும் விருப்பத் தேர்வே. குழந்தையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்துவதற்கான ஏற்பாடாக இதைப் பயன்படுத்த இயலாது.

பள்ளி செய்ய வேண்டியவை

அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்கள் எப்படி இயங்க வேண்டும் என்பதை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. பாகுபாடின்றிச் சேர்த்தல், கட்டடத்தையும் வளாகத்தையும் அணுகத்தக்கதாக்குதல், ஒவ்வொரு குழந்தைக்கும் தேவைக்கேற்ற ஆதரவு அளித்தல், கற்றல் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டறிதல், போக்குவரத்து வசதி ஆகியவை அதில் அடங்கும்.

தேவையான, நியாயமான வசதியைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடே என்கிறது இச்சட்டத்தின் வரையறை. அளவுக்கு மீறிய சுமையை ஏற்படுத்தும் மாற்றங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. தரைத்தளத்துக்கு வகுப்பை மாற்றுவதையோ முன்வரிசையில் இடம் ஒதுக்குவதையோ அத்தகைய சுமை எனக் கூறுவது கடினம்.

சேர்க்கைக்காகக் குழந்தைக்குத் தேர்வோ நேர்காணலோ வைத்து வடிகட்டுவதைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. 8-ஆம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியைவிட்டு நீக்கவும் முடியாது. 'சமாளிக்க முடியவில்லை' என்று கூறி ஆண்டின் நடுவில் மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதற்கும் இத்தடை பொருந்தும்.

40 விழுக்காடு: எங்கே தேவை, எங்கே தேவையில்லை?

பெற்றோரிடையே அதிகக் குழப்பம் நிலவுவது இதில்தான். 18 வயது வரை இலவசக் கல்வி, இலவசப் பாடநூல்கள், உதவிக் கருவிகள், உயர்கல்வியில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு ஆகியவற்றுக்கு 40 விழுக்காட்டுச் சான்று தேவை. ஆனால் பாகுபாடின்றிச் சேர்க்கை, வகுப்பறை ஆதரவு, பாடத்திட்டத்திலும் தேர்விலும் மாற்றங்கள் போன்றவை குறைபாடுள்ள எல்லா மாணவர்களுக்கும் உரியவை. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவரின் உதவி, இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைச் சட்டமே குறிப்பிடுகிறது.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2021-இல் இருமுறை உறுதிசெய்தது. கையெழுத்துத் தசைப்பிடிப்பு கொண்ட குடிமைப் பணித் தேர்வர் தொடர்ந்த வழக்கில், எழுதுபவர் வசதியை 40 விழுக்காடு உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்க முடியாது எனப் பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. எழுதுதல் குறைபாடு கொண்ட மாணவியின் நீட் தேர்வு வழக்கிலும் அதே ஆண்டு நவம்பரில் இந்நிலைப்பாட்டை வலியுறுத்தியது.

சிறப்பாசிரியர் இல்லையெனில்?

சேர்க்கை கிடைத்த பின்னும் வகுப்பில் கற்பிக்கச் சிறப்பாசிரியர் இல்லாவிட்டால் உரிமை பெயரளவில் நின்றுவிடும். இதை முன்வைத்த பொதுநல வழக்கில், 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பை வழங்கியது. அதைத் தொடர்ந்து மத்திய அரசு 2022 செப்டம்பரில் விகிதத்தை அறிவித்தது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 10 மாணவர்களுக்கு ஒருவர், 6 முதல் 8 வரை 15 மாணவர்களுக்கு ஒருவர் என்ற அளவில் சிறப்பாசிரியர் இருக்க வேண்டும். இவர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

நியமனங்கள் தாமதமானதால், மாநிலங்கள் பணியிடங்களின் எண்ணிக்கையை மூன்று வாரங்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று 2025 மார்ச் 7 அன்று நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட்டது. ஆண்டுக்கணக்கில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றும் சிறப்பாசிரியர்களின் தகுதியை ஆராயக் குழு அமைக்கவும் பணித்தது.

எங்கே முறையிடலாம்?

சேர்க்கை மறுக்கப்பட்டால், முதலில் விண்ணப்பத்தை எழுத்துமூலம் அளித்து, மறுப்புக்கான காரணத்தையும் எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நல்லது. வாய்மொழி மறுப்பைப் பின்னர் நிரூபிப்பது கடினம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் புகார் அளிக்கலாம். மூன்று மாதங்களுக்குள் அது முடிவெடுக்க வேண்டும். முடிவில் நிறைவில்லை எனில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிட இயலும். சாட்சிகளை அழைப்பதிலும் ஆவணங்களைக் கோருவதிலும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உரிய அதிகாரம் உண்டு.

எனினும், ஆணையர் அளிப்பது பரிந்துரையே. உரிய அதிகார அமைப்பு அதன்மீது மூன்று மாதங்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஏற்காவிட்டால் அதற்கான காரணத்தை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும். அதன் பின்னும் தீர்வு கிடைக்காதவர்கள் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை ரூ.10,000 வரையும், மீண்டும் மீறினால் ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.