கணக்கு கேட்ட கிராமம்

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு அரசாங்க அலுவலகத்தின் ஜன்னல் நன்கு பழகிய ஒன்று. குடும்ப அட்டைக்கோ, வீட்டு வரி இரசீதுக்கோ அங்கே போய் நிற்கிறோம். அவ்வூர் மொழி நமக்கு அரைகுறையாகத்தான் வரும். உள்ளே இருப்பவர் ஒரு காகிதக் கட்டைப் புரட்டிப் பார்த்து, "ஏட்டில் அப்படி இல்லையே" என்று கூறி அதை மூடிவிடுகிறார். அந்த ஏட்டை எட்டிப் பார்க்க நமக்கு உரிமை உண்டா? 2005-ஆம் ஆண்டு வரையில் இந்தியா முழுமைக்கும் இதற்கு விடை சொல்லும் சட்டம் எதுவும் நடைமுறையில் இல்லை. ஆங்கிலேயர் 1923-இல் இயற்றிவிட்டுப் போன அரசாங்க இரகசியச் சட்டம் மட்டும் பத்திரமாக இருந்தது. இந்நிலை மாறியதில் பெரும்பங்கு கொண்டவர்கள் இராஜஸ்தானத்தின் வறண்ட கிராமங்களில் மண் சுமந்த கூலியாட்கள். அவர்களோடு நின்றவர்களுள் ஒருவர் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த பெண்மணி.

அருணா ராய் 1946-இல் சென்னையிற் பிறந்தார். தில்லியில் வளர்ந்து, ஆங்கில இலக்கியம் கற்றார். 1968-இல் ஐ.ஏ.எஸ். தேர்வில் வென்று அரசுப் பணி ஏற்றார். பெண்கள் அப்பணியில் மிகச் சிலராக இருந்த காலம் அது. ஏழாண்டுகள் கழிந்தபின், 1975-இல், அவர் தம் பதவியைத் துறந்தார். கையிற் கிடைத்த கலெக்டர் உத்தியோகத்தை ஒருவர் உதறிவிட்டு வருவது எந்த வீட்டிலும் எளிதில் விளங்குகிற காரியமன்று. நம் வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆஜ்மீர் மாவட்டத்துத் திலோனியா என்னும் சிற்றூரில் அவருடைய கணவர் பங்கர் ராய் நடத்திவந்த சமூகப்பணி நிலையத்திற் சேர்ந்தார். கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகும், எங்கே உறங்கும் என்பதை உள்ளேயிருந்து கண்டவர் அவர். அக்கோப்புகளில் வெறும் பெயர்களாக இருந்த மனிதர்களுடன் இப்போது பழகத் தொடங்கினார்.

இராஜஸ்தானத்தில் மழை பொய்க்கும் ஆண்டுகளில் அரசாங்கம் பஞ்ச நிவாரண வேலைகளைத் திறக்கும். சாலை போடுவது, குளம் வெட்டுவது போன்றவை அவை. வேலை செய்தவர்களின் பெயர்களையும் நாட்களையும் குறிக்கும் பட்டியலுக்கு 'மஸ்டர் ரோல்' என்று பெயர். வெட்டிய மண்ணை அளந்து குறிப்பது வேறொரு புத்தகம். கூலி இவ்விரண்டையும் பொறுத்தது. 1964-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஒன்று பஞ்ச நிவாரணத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாதென விலக்கியிருந்தது. பங்கர் ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983-இல் அந்த விலக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பஞ்சத்தால் ஒருவன் வேறு வழியின்றி வருகிறான் என்பதற்காக அவன் கூலியைக் குறைத்தல் தகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு வந்தும் கூலி முழுமையாக வந்துவிடவில்லை. "நீங்கள் வெட்டிய மண் இவ்வளவுதான், ஏடு அப்படிச் சொல்கிறது" என்றார்கள். வெட்டியவர் ஏட்டைக் கண்டதில்லை. கேட்டால், அது இரகசியம். இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். தகவல் உரிமை என்பதைப் படித்தவர்களின் கொள்கையாகவும், பத்திரிகையாளரின் தேவையாகவும் நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அது அவ்வாறும் இருந்ததுண்டு. ஓர் அரசாங்கத்தின் பொதுச் செயல்களை அறிய மக்களுக்கு உரிமை உண்டென 1975-லேயே உச்ச நீதிமன்றம் ராஜ் நாராயண் வழக்கில் கூறியது. ஆனால் அந்த உரிமையை ஓர் இயக்கமாக்கியது சில ரூபாய்க் கூலிப் பாக்கி.

1987-இல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் இன்றைய ராஜ்சமந்த் மாவட்டத்தைச் சேர்ந்த தேவ்டுங்ரி என்னும் ஊரில் ஒரு மண் குடிசையிற் குடியேறினர். 1990 மே 1-ஆம் நாள் 'மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன்' என்னும் உழைப்பாளர் உழவர் சங்கம் பிறந்தது. உண்ணாவிரதங்கள் இருந்தும் கூலி முழுமையாகக் கிடைக்காத நிலையில், முதலில் ஏட்டைக் கைப்பற்ற வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். முடிவு எழுத்தறியாத கூலியாட்களிடமிருந்து வந்தது என்றும், தாம் அதைக் கற்றுக்கொண்டவரே என்றும் அருணா ராய் சொல்லி வந்திருக்கிறார்.

1994 டிசம்பர் 2-ஆம் நாள் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் 'ஜன் சுன்வாயி', அதாவது மக்கள் விசாரணை, கூடியது. ஏடுகள் கிடைத்தது சட்டத்தின் துணையால் அன்று. நல்மனங் கொண்ட ஓர் அதிகாரியின் இசைவால். திறந்த வெளியில் ஊரார் அமர, மஸ்டர் ரோல் உரக்க வாசிக்கப்பட்டது. பெயர் சொல்லப்பட்டவர் எழுந்து, தாம் அவ்வேலைக்குப் போனாரா, கூலி வாங்கினாரா என்று சொல்ல வேண்டும். ஏட்டில் வேலை செய்தவர்களாக இருந்த சிலர் அப்பக்கமே போகாதவர்கள். இவ்விசாரணைகளில் இறந்தவர் பெயர்களும் வெளிவந்தன. கட்டி முடித்ததாகக் கணக்கெழுதிய கட்டடத்திற்குக் கூரையே இல்லாதிருந்தது. அடுத்த ஏப்ரல் மாதத்துக்குள் இத்தகைய விசாரணைகள் ஐந்து நடந்தன. ஏட்டின் நகலைத் தருவதை எதிர்த்து ஆஜ்மீர் மாவட்டத்துக் கிராம சேவகர்கள் போராட்டத்தில் இறங்கியதே, ஏட்டின் மதிப்பு இன்னதென்று ஊருக்குச் சொல்லிவிட்டது.

1995 ஏப்ரலில், உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் கணக்குகளை மக்கள் நகலெடுத்துக் கொள்ளலாம் என்று முதலமைச்சர் பைரோன் சிங் செகாவத் சட்டசபையில் அறிவித்தார். ஓராண்டு ஓடியது, ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6-ஆம் நாள் பியாவர் நகரத்துச் சாங் கேட்டில் தர்ணா தொடங்கியது. நாற்பது நாள் கடுங்கோடை. கிராமத்தார் தானியம் கொண்டுவந்தார்கள். பியாவர்க் கடைக்காரர்களும் காய்கறி விற்போரும் தங்களால் இயன்றதைத் தந்தார்கள். மூத்த பத்திரிகையாளர்களான நிகில் சக்கரவர்த்தியும் பிரபாஷ் ஜோஷியும் வந்து அமர்ந்தனர். 'நம் பணம், நம் கணக்கு' என்பது முழக்கம். இக்காலத்தில் தில்லியில் ஒரு செய்தியாளர் கூட்டத்தில், நான்காம் வகுப்பு வரையே படித்த ஒரு பெண்ணிடம், இந்த உரிமை உனக்கு எதற்கு என்று கேட்டார்களாம். மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன். என் பெயரால் கோடிகளைச் செலவிடும் அரசாங்கத்தைக் கேட்க வேண்டாமா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

பியாவருக்குப் பின்னும் ஆணை வெளிவராமல், 1997-இல் ஜெய்ப்பூரில் மறுபடியும் தர்ணா நடந்தது. ஐம்பத்து மூன்றாம் நாள் துணை முதலமைச்சர் ஒரு செய்தியை வெளியிட்டார்: பஞ்சாயத்துக் கணக்குகளின் நகல் பெறும் உரிமையை அரசாங்கம் ஆறு மாதங்களுக்கு முன்பே அரசிதழில் அறிவித்துவிட்டதாம்! தெருவில் இருந்தோர்க்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. இரகசியத்தை ஒழிக்கும் ஆணையையே இரகசியமாக வைத்திருந்த இச்சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1996-இல் தில்லியில் தேசிய இயக்கம் ஒன்று உருவாயிற்று; நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான பத்திரிகை மன்றம் மசோதா வரைந்தது. மாநிலச் சட்டங்களில் முதலாவது 1997-இல் தமிழ்நாட்டில் வந்தது. நாம் பெருமை கொள்ளலாம், ஆனால் சற்று அடக்கமாக. இருபதுக்கு மேற்பட்ட விலக்குகள் அதில் இருந்தன. 2002-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. 2004-இல் தேசிய ஆலோசனைக் குழுவில் அருணா ராய் உறுப்பினரானார்; அக்குழு புதிய வரைவை அளித்தது. 2005 அக்டோபர் 12-ஆம் நாள் தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

மத்திய அரசு அலுவலகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். பதிலுக்கு முப்பது நாள். உயிரும் சுதந்திரமும் பற்றிய செய்தியாயின் நாற்பத்தெட்டு மணி நேரம். நம்மவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விண்ணப்பம் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அவ்விடத்து ஆட்சி மொழியிலோ இருக்கலாம். எழுத இயலாதவர் வாயாற் சொன்னால் அதை எழுத்தில் அமைக்க உதவுவது தகவல் அலுவலரின் கடமை. ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் வினவ முடியாது.

ஏட்டைத் திறப்பதைப் பற்றிய வழக்கு இதோடு தீரவில்லை. 2006-இல், அதிகாரிகள் கோப்பில் எழுதும் குறிப்புகளைச் சட்டத்திலிருந்து விலக்க அரசாங்கம் முயன்று, எதிர்ப்பினாற் பின்வாங்கியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் வகுக்கும் அதிகாரத்தை மத்திய அரசிடம் சேர்த்தது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் பற்றிய தகவலை மறுக்க இடங்கொடுக்கும் பிரிவை விரிவாக்க வகை செய்தது. பொது நலம் மிகுந்த இடத்தில் வெளியிடலாம் என்னும் மற்றொரு பிரிவு எஞ்சியிருக்கிறது. ஆயினும் இயக்கத்தினர் கேட்பது கோட் கிரானாவை நினைவூட்டும் ஒரு வினா: மஸ்டர் ரோலில் இருப்பவை பெயர்கள்தாமே? பெயரைத் தனிநபர் தகவல் என்று மறைத்துவிட்டால், அன்று திறந்த வெளியில் எதை வாசித்திருப்பார்கள், எவர் எழுந்து நின்று, "நான் அந்த வேலைக்கே போகவில்லை" என்று சொல்லியிருப்பார்?