காற்றா, தேய்மானமா?

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் ‘வீங்’ என்று விடாமல் ஓர் இரைச்சல் வந்தால், பழி உடனே பம்பின் மேல் விழுகிறது. பம்பையே மாற்றிய பின்னும் சத்தம் போகாத வண்டிகள் உண்டு. பம்ப் கத்துவதற்கும் பம்ப் கெட்டுப்போனதற்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பார்க்காமல் விட்டதன் விளைவு அது.

பழைய இன்னோவா, பழைய ஸ்கார்ப்பியோ போன்றவற்றில் பம்ப்பை ஓட்டுவது இன்ஜின் பெல்ட். ஆயிலில் காற்று கலந்தாலும் சரி, பம்ப் தேய்ந்தாலும் சரி, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் ஏறும். நின்ற இடத்தில் ஒடித்தால் இன்னும் கூடும். (பெல்ட் வழுக்கும் ‘கிரீச்’ வேறு வகை.) காதை மட்டும் நம்பினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆயில் டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும்.

காற்று கலந்த ஆயில் நுரைக்கும். சிவப்பு ஆயில் வெளிறி ரோஸ் நிறமாகும். இன்ஜினை அணைத்ததும், அழுத்தத்தில் சுருங்கிக் கிடந்த காற்று விரிவதால் டப்பாவில் மட்டம் ஏறும். இத்தனைக்கும் கீழே ஒரு சொட்டு ஒழுகியிருக்காது. டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் ஹோஸில் பம்ப் ஆயிலை உறிஞ்சுகிறது. அங்கே ஓ-ரிங் இறுகியிருந்தாலோ கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ ஆயில் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். ஒழுகல் இல்லையே என்று இந்த இடத்தைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். காலையில் கத்திவிட்டு, சூடேறியதும் அடங்கும் வண்டியில் என் முதல் சந்தேகம் இந்த உறிஞ்சும் பக்கத்தின் மேல்தான்: குளிரில் ரப்பர் விறைக்கிறது, ஆயிலும் கெட்டியாகிறது. டப்பாவுக்குள் இருக்கும் வலை அடைத்திருந்தாலும் பம்ப் இதேபோல் ஆயிலுக்குத் தவிக்கும்.

தேய்ந்த பம்ப் அப்படியல்ல. நுரையே இல்லாத ஆயிலிலும் கத்தும். ஆயிலில் உலோகப் பொடி மினுங்கலாம். நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் ஸ்டீயரிங் கனக்கும்.

ஆகவே செலவு குறைந்த சோதனையை முதலில் செய்வதே நியாயம். ஓ-ரிங்கை மாற்றி, கிளாம்பை இறுக்கி, அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட ஆயிலையே ஊற்றி, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை ஓட விடாமல் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை மெதுவாகப் பலமுறை சுழற்ற வேண்டும். குமிழி வருவது நின்றதும் மட்டத்தைச் சரிசெய்து இன்ஜினை ஓட்டலாம். சத்தம் அடங்கினால் பம்ப் குற்றமற்றது.

தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. நுரைத்த ஆயில் மசகாக நிற்காது. பம்ப்புக்குள் சுழலும் தகடுகள் உலோகத்தோடு உலோகம் உரசித் தேயும். சில ரூபாய் ஓ-ரிங்கின் கோளாறு இப்படித்தான் பம்ப்பின் கோளாறாக முற்றுகிறது. பம்ப் மாற்றியே தீர வேண்டிய நிலையிலும் பழைய ஆயிலை முழுக்க வடித்து, டப்பாவைக் கழுவி, உறிஞ்சும் ஹோஸையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய ஆயிலில் மிதக்கும் பொடியே புதுப் பம்ப்பையும் ஸ்டீயரிங் ரேக்கின் சீல்களையும் அரித்துவிடும்.