தலைமை ஆபீஸ் மறந்த கடை!

வெளிநாட்டுக் கிளைக்கு உங்களை மேனேஜராக அனுப்புகிறார்கள். போன பிறகு ஹெட் ஆபீஸிலிருந்து பணமில்லை, சரக்கில்லை, ஆளில்லை. ஒரு வருஷம் இரண்டு வருஷமல்ல... பல வருஷம்! கடையைத் திறந்து வைத்திருப்பீர்களா?

ஒருவர் வைத்திருந்தார். தஞ்சைச் சீமையில், தரங்கம்பாடியில்!

ஆங்கிலேயரும் டச்சுக்காரர்களும் கிழக்கே போய்ச் சம்பாதிப்பதைப் பார்த்த டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன், 1616-ல் தன் நாட்டுக்கும் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்க அனுமதி தந்தார். கப்பல்கள் முதலில் போனது இலங்கைக்கு. கண்டி அரசரோடு நடத்திய பேச்சு பலிக்கவில்லை. அடுத்து தஞ்சாவூர்!

அங்கே அரியணையில் ரகுநாத நாயக்கர். தெலுங்குக் கவிஞர், வீணை வித்தகர். 1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆயிற்று. வருஷா வருஷம் கப்பம் கட்டிவிட்டுத் தரங்கம்பாடியில் வியாபாரம் செய்யலாம். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குப் பொன் தகட்டில் தமிழில் கடிதம் அனுப்பினார். கையெழுத்து மட்டும் தெலுங்கில்! இன்றும் அது கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது.

ஆனால், வந்தவர்கள் தேடியது மிளகும் கிராம்பும். காவிரிக் கரையில் விளைவதோ நெல்! ஐரோப்பியச் சரக்கை இங்கே சீண்டுவார் இல்லை. பிறகுதான் சூட்சுமம் புரிந்தது. கிழக்குத் தீவுகளில் வாசனைப் பொருளுக்கு ஈடாகக் கேட்டது நம்மூர் நெசவாளிகளின் துணியை. அதை வாங்கி மக்காசருக்கு அனுப்பினார்கள்.

வியாபாரம் பிடிபட்டது. ஆனால், ஊரில் கஜானா காலி! முப்பதாண்டுப் போரில் இறங்கி டென்மார்க் கையைச் சுட்டுக்கொண்டது. கப்பல்கள் வருவதும் நின்றுபோயிற்று. 1650-ல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். 1655 வாக்கில் தரங்கம்பாடியில் மிச்சமிருந்த டேனிஷ்காரர் ஒரே ஒருவர்... எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே. பிரபுவல்ல, சாதாரண ஆள்.

கப்பம் எங்கே என்று நாயக்கரின் படை முற்றுகையிட்டது. அவருக்குத் துணை நின்றது யார் தெரியுமா? உள்ளூர்க்காரர்களும் போர்ச்சுக்கீசிய வம்சாவளியினரும்தான்! வங்கக் கடலில் போன கப்பல்களை மடக்கிப் பிடித்தார். கொள்ளைதான், சந்தேகமில்லை. அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கடைசியில் நாயக்கரோடு சமரசமும் பேசி முடித்தார்.

1669 மே மாதம் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தது. கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டிருந்தது!

1845-ல் அந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது டென்மார்க். அடுத்த முறை டேன்ஸ்போர்க் கோட்டைக்குப் போனால், கோங்ஸ்பக்கேயை நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே, கொடி யாருடையதாக இருந்தாலும் அதை விழாமல் தாங்கிப் பிடித்த நம்மூர்க் கைகளையும்! அவர்களின் பெயர்களைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.