சேத்துப்பட்டில் மாறிய காசநோய் மருத்துவம்

காசநோய்க்கு மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும், நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, தூய காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு ஆகியவற்றோடு மாதக்கணக்கில் படுக்கையில் வைத்திருக்கும் சானடோரிய முறையே சிறந்தது என்னும் நம்பிக்கை 1950களின் நடுப்பகுதியிலும் மருத்துவர்களிடையே வலுவாக இருந்தது. டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் நிறுவிய காசநோய் மருத்துவமனை அந்த மரபில் வந்ததே. அப்பகுதியின் ரயில் நிலையம் இன்றும் அதன் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஆனால் நாட்டிலிருந்த படுக்கைகள் நோயாளிகளில் மிகச் சிறு பகுதியினருக்கே போதுமானவையாக இருந்ததால், இடம் கிடைக்காத ஏழைகளின் கதி என்ன என்னும் கேள்வி விடையின்றி நின்றது.

அதற்கு விடை காண்பதற்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் இணைந்து 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை உருவாக்கின. பிரிட்டிஷ் மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய முதல் ஆய்வில், நகரின் ஏழ்மையான பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் சமவாய்ப்பு முறைப்படி, அதாவது மருத்துவரின் விருப்பு வெறுப்புக்கு இடமளிக்காத குலுக்கலைப் போன்ற தேர்வின்படி, வீட்டில் சிகிச்சை பெறுவோர், சானடோரியத்தில் சேர்க்கப்படுவோர் என இரு பிரிவாக்கப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட் என்னும் மருந்தும், சுருக்கமாகப் பாஸ் எனப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலமும் ஓராண்டுக்கு வழங்கப்பட்டன.

வீட்டிலிருந்தோர் நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். அவர்களுடைய உணவு குறைவு, ஓய்வும் குறைவு. அப்படியிருந்தும் ஓராண்டு முடிவில் அவர்களில் 86 விழுக்காட்டினருக்கும், சானடோரியத்தில் இருந்தோரில் 92 விழுக்காட்டினருக்கும் நோய் தணிந்திருந்தது; ஐந்தாண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவிலோ இந்தச் சிறு வேறுபாடும் மறைந்துவிட்டது. அதைவிட முக்கியமானது, வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் தொற்றியது மற்றப் பிரிவினரின் குடும்பங்களைவிட மிகுதியாக இல்லை என்னும் கண்டறிதல். தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே பரவிவிடுகிறது என்பதும், மருந்து தொடங்கியபின் நோயாளியைப் பிரித்து வைப்பதால் குடும்பத்துக்குப் பெரிதாக நன்மை இல்லை என்பதும் இதனால் தெளிவாயின. 1959 முதல் வெளியான இம்முடிவுகள் சானடோரிய முறையின் அடித்தளத்தையே அசைத்தன.

எனினும், உடல் தேறிய சில மாதங்களிலேயே பலர் மருந்தை நிறுத்திவிடும் இடர் வீட்டுச் சிகிச்சையில் இருந்தது. பாஸ் மருந்து குமட்டலையும் உண்டாக்கியது. ஆகவே மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடு தேடிச் சென்று எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். மருந்து உட்கொள்ளப்பட்டதா என்பதைச் சிறுநீர்ச் சோதனையால் உறுதிசெய்தனர். தொற்றுநோய் வல்லுநரின் பணி நோயை இனங்காண்பதோடு முடியாமல், மருந்து நோயாளியின் உடலுக்குள் சென்று சேரும்வரை நீள்கிறது என்பதை இவ்வளவு பொறுமையாக நிறுவிய நிலையங்கள் அரிது. வாரம் இருமுறை பணியாளர் முன்னிலையிலேயே மருந்தளிக்கும் முறையை ஆராய்ந்து 1964இல் இம்மையம் வெளியிட்ட முடிவுகள், பின்னாளில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு வழிவகுத்தன.

தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரில் அந்த மையம் இன்றும் சேத்துப்பட்டில் இயங்குகிறது. அதன் புகழில், ஓராண்டு முழுதும் மருந்துண்டு, ஐந்தாண்டுகள் தம் வீட்டுக் கதவுகளை ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்த அந்த ஏழைக் குடும்பங்களுக்கும் சம பங்கு உண்டு.